நிற்க நேரமில்லையா?

“நலந்தானா?” என்று கேட்டால் “நலம்” என்று மறுமொழி வந்த காலம் மலையேறிவிட்டது. இன்று வழியிலே கண்ட நண்பரை வாய்நிறைய அழைத்துப் பாருங்கள். “நிற்க நேரமில்லை” என்பார், நடந்துகொண்டே! கடைவீதியிலே வணிகர் அதைச் சொல்கிறார். அலுவலகத்திலே எழுத்தர் அதைச் சொல்கிறார். பத்து வயதுப் பிள்ளைகூட அதைச் சொல்கிறது. பள்ளி விட்டால் தனிப்பயிற்சி, தனிப்பயிற்சி விட்டால் பாட்டு வகுப்பு, பாட்டு முடிந்தால் வீட்டுப்பாடம் என்று அதற்கும் நிற்க நேரமில்லை. சொல்பவர் குரலைக் கூர்ந்து கேட்டால் அதிலே குறை தொனிக்கவில்லை, பெருமிதம் தொனிக்கிறது! ஓடுகிறவன் உயர்ந்தவன், நிற்கிறவன் தாழ்ந்தவன் என்று, பழைய வருணங்கள் இன்னும் ஒழியாத நாட்டிலே, புதியதொரு வருணமும் வகுக்கப்பட்டுவிட்டது.

அந்தப் பெருமிதத்தை நாமும் சூடிக்கொண்டு திரிந்தவர்தாம். கல்லூரியை விட்டு வந்து, பள்ளி ஆசிரியராய்ப் பணியேற்று நான்காண்டுகளே ஆகின்றன நமக்கு. இந்த நான்காண்டுகளில் ஓடாத நாளில்லை. ஓட்டத்தை ஒரு நாள் ஒரு காட்சி நிறுத்தியது; நிறுத்தவேண்டிய நேரத்தில் நிறுத்தவில்லை என்பதுதான் நாம் சொல்ல வந்த கதை.

மழைக்காலத்துக் காலைப் பொழுது. பாலத்தின் இறக்கத்திலே சேறு. நமக்கு முன்னே விரைந்துகொண்டிருந்த ஓர் இளைஞனின் வண்டி சறுக்கிற்று. முதுகிலே பெரியதொரு பை; வீடு வீடாகப் பொருள் கொண்டு சேர்க்கும் வேலை அவனுக்கு. விழுந்தான்; எழ முயன்றான்; முடியாமல் முழங்கையைப் பற்றிக்கொண்டு சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டான். நாம் பார்த்தோம். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல விரும்பவில்லை, நன்றாகவே பார்த்தோம். கைக்கடிகாரத்தையும் பார்த்தோம். முதல் மணிக்கு ஆறு நிமிடம் இருந்தது. தொலைவிலே ஒருவர் அவனை நோக்கி வருவது தெரிந்தது. “அவர் பார்த்துக்கொள்வார்” என்று உள்ளம் சொல்லிற்று, வண்டி விரைந்தது. மணி அடிக்குமுன் வருகைப் பதிவும் செய்துவிட்டோம்.

மாலையில் அதே வழியே திரும்பும்போது தேநீர்க் கடைக்காரரைக் கேட்டோம். “கை எலும்பு முறிஞ்சு போச்சு சார். ஆட்டோக்காரர் ஒருத்தர் ஆசுபத்திரிக்கு ஏத்திக்கிட்டுப் போனார். ஏறும்போதுகூட அந்தப் பையன், ‘இந்தச் சாமானை யாராவது கொண்டுபோய்க் கொடுத்துட முடியுமா அண்ணே, நேரம் ஆயிடுச்சு’ன்னு கேட்டான் சார்” என்றார். அன்றிரவு உறக்கம் கொள்ளவில்லை. அவன் விழுந்ததும் அவசரத்தால். நாம் நில்லாமல் போனதும் அவசரத்தால். ஒரே அவசரம், அவன் கையை முறித்தது; நம் நெஞ்சை மரக்கச் செய்தது.

நாம் இயல்பிலேயே இரக்கமற்றவரா? அப்படி எண்ணிக்கொள்ள எவருக்கும் மனம் வராது. ஆகவே, இதுபற்றி ஆராய்ந்தவர் உண்டா என்று தேடினோம். உண்டு. அமெரிக்காவிலே பிரின்சுடன் நகரில் டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலார் செய்த ஆய்வு ஒன்று 1973-ஆம் ஆண்டு வெளிவந்தது. சமயக் கல்வி பயிலும் மாணவர் 40 பேர். ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்துக்குச் சென்று உரையாற்றவேண்டும். சிலருக்குத் தரப்பட்ட தலைப்பு, வழியிலே அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை! போகும் வழியிலே, ஒருவன் தலை கவிழ்ந்து, இருமி, முனகிச் சுருண்டு கிடக்குமாறு முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தனர். “நேரமிருக்கிறது” என்று சொல்லி அனுப்பப்பட்டவருள் 100-க்கு 63 பேர் உதவினர். “நேரம் சரியாக இருக்கிறது” என்று கேட்டவருள் 45 பேர். “நேரமாகிவிட்டது, ஓடு” என்று விரட்டப்பட்டவருள் 10 பேர்தாம்!

அருளைப் பற்றிப் பேசப் போனவரும், அருளுக்குரியவனைக் கடந்து போனார். இதைக் கொண்டு ஆத்திகரை எள்ளி நகையாடிவிட்டுப் போய்விடலாம். பகுத்தறிவாளர் கைக்கு எளிதாகக் கிடைக்கும் அம்பு அது. ஆனால், அந்தப் பாலத்து இறக்கத்திலே நின்று எண்ணிப் பார்த்தால், அந்த அம்பு நம் பக்கமும் திரும்புகிறது. கடவுளை நம்பியவனையும் விரைவு கல்லாக்கிற்று; மனிதனை நம்புகிற நம்மையும் கல்லாக்கிற்று. கொள்கை நெஞ்சிலே இருந்தால் மட்டும் போதவில்லை. அது கைக்கு வந்து சேர ஒரு கணம் வேண்டியிருக்கிறது. அந்தக் கணத்தைத்தான் அவசரம் களவாடிவிடுகிறது.

அருள் கிடக்கட்டும், அறிவாவது விரைவிலே பிழைக்கிறதா? உளவியலார் கையாளும் புதிர் ஒன்றை நம் ஊர்க் கடைச் சரக்குக்கு மாற்றி வகுப்பிலே கேட்டோம். ஒரு நூலும் ஓர் எழுதுகோலும் சேர்ந்து 110 ரூபாய். எழுதுகோலைவிட நூல் 100 ரூபாய் அதிகம். எழுதுகோல் என்ன விலை? “பத்து ரூபாய்!” என்று வகுப்பே முழங்கிற்று. எழுதுகோல் 10 ரூபாயானால் நூல் 110. கூட்டினால் 120 ஆகிவிடுமே! விடை 5 ரூபாய். கடைசி வரிசையிலே ஒரு மாணவி மட்டும் வாய் திறக்காமல் தாளில் கணக்கிட்டுக்கொண்டிருந்தாள். கூவாத அவளிடம்தான் சரியான விடை இருந்தது. “மெதுவாகப் புரிந்துகொள்ளும் பிள்ளை” என்று ஆசிரியர் அறையிலே நாம் குறிப்பிட்டு வந்த பிள்ளை அவள்! முதலில் தோன்றுவதை நம்பிவிடும் விரைவு மனம் ஒன்று, அதை நிறுத்திச் சோதிக்கும் நிதான மனம் ஒன்று என இருவகை எண்ணத்தை விளக்கி, டேனியல் கானமன் 2011-இல் ஒரு நூலே எழுதினார். பகுத்தறிவு என்று நாம் பெயரிட்டு அழைப்பது, அந்த இரண்டாவது மனத்தின் வேலையை அன்றோ?

இது வகுப்பறைப் புதிரோடு முடிவதாயிருந்தால் கவலையில்லை. 2018-ஆம் ஆண்டு மே திங்களிலே, நம் திருவண்ணாமலை மாவட்டத்திலே, குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்த ஒரு முதிய பெண்ணைக் குழந்தை கடத்த வந்தவர் என்று கருதி, ஊரே திரண்டு அடித்துக் கொன்றது. கைப்பேசி வழியே பரவிய வதந்தி அந்த ஐயத்தை ஊட்டியிருந்தது. அதே ஆண்டு நாட்டின் பல பகுதிகளிலும் இத்தகைய கொலைகள். அதன்பின், அந்த ஆண்டு சூலையிலே, வாட்சாப் நிறுவனம் என்ன செய்தது? ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் தடை வைத்தது. விரலின் விரைவைக் குறைத்தது! “இது மெய்தானா?” என்று கேட்டுப் பார்க்க ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடி கிடைக்காததால் ஓர் உயிர் போயிற்று. கடிகாரம் பார்த்து ஓடுகிறவர் மட்டும் அவசரக்காரர் அல்லர். படித்தவுடன் அனுப்புகிறவரும், கேட்டவுடன் நம்புகிறவரும், கண்டவுடன் தீர்ப்பளிக்கிறவரும் அவசரக்காரரே.

“அப்படியானால் சோம்பலைப் போற்றுகிறீரோ?” என்று கேட்பர் சிலர். இல்லை. வள்ளுவர் மடியின்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார்; ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆனால் அவ்விரண்டுக்கும் முன்னதாகவே தெரிந்துசெயல்வகையையும் காலமறிதலையும் வைத்தார். எண்ணாமல் பாய்வது ஊக்கமாகாது. எண்ணிக்கொண்டே கிடப்பது நிதானமாகாது. உழவன் நாற்றை இழுத்துப் பார்த்து வளர்ப்பதில்லை. அதற்காக வரப்பிலே படுத்துறங்குவதும் இல்லை. பயிரின் காலம் அவனுக்குத் தெரியும்.

இன்னொரு கேள்வி இருக்கிறது, இதைவிடக் கூர்மையானது. அதைக் கேட்பவர் நம் பக்கத்துத் தோழர்; ஆகவே மழுப்பாமல் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். “பொறு, பொறு என்றுதானே தலைமுறை தலைமுறையாக நம்மை அடக்கி வைத்தார்கள்? தெருவிலே நடக்க உரிமை கேட்டபோது பொறு என்றார்கள். படிக்க இடம் கேட்டபோது காலம் கனியட்டும் என்றார்கள். இன்று நீரும் வந்து மெல்லப் போ என்கிறீரே?” என்கிறார் அவர். நேர்மையான கேள்வி. வைக்கத்திலே கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1924 மார்ச்சு 30-இல் தொடங்கிய போராட்டம், 1925 நவம்பர் வரை நீண்டது. நடக்கும் உரிமைக்கு இருபது மாதம்! 1963-இல் பர்மிங்காம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய மடலும், ‘காத்திரு’ என்று அறிவுரை கூறிய சமயத் தலைவர்களுக்கு விடுத்த மறுப்பே.

ஆகவே இங்கே ஒரு கோடு கிழித்துக்கொள்வோம். பிறர் உரிமையைத் தராமல் இழுத்தடிப்பதற்குப் பெயர் தாமதம். நம் தீர்ப்பை நாமே சோதித்துப் பார்ப்பதற்குப் பெயர் நிதானம். உரிமைக்குத் தாமதம் கூடாது. தீர்ப்புக்கு அவசரம் கூடாது. இந்த இரண்டையும் குழப்பி, அநீதிக்கு நிதானம் என்றும் ஆராய்ச்சிக்குத் தாமதம் என்றும் பெயர் மாற்றி வைத்ததுதான் ஆதிக்கக்காரரின் சூழ்ச்சி. வைக்கத்திலே நின்றவர்கள் பொறுத்துக்கொண்டு கிடக்கவில்லை. எண்ணித் துணிந்து, நாள்தோறும் அதே இடத்திலே போய் நின்றார்கள். அவசரக்காரரால் இருபது மாதம் நிற்க முடியுமா?

சரி, இந்த ஓட்டத்தைத் தொடங்கி வைத்தவர் யார்? மனிதன் பிறவியிலேயே ஓடப் பிறந்தவனா? அமெரிக்கப் பொறியாளர் டெய்லர், தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் நிறுத்துகடிகாரம் கொண்டு அளக்கும் முறையை 1911-இல் நூலாக வெளியிட்டார். 1913-இல் ஃபோர்டு தம் ஆலையிலே நகரும் பட்டையை ஓடவிட்டார். ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட 12½ மணி நேரம் பிடித்தது போய், விரைவிலேயே 93 நிமிடம் போதும் என்றாயிற்று. மிச்சமான நேரம் எங்கே போயிற்று? தொழிலாளியின் வீட்டுத் திண்ணைக்குப் போகவில்லை. மேலும் கார்களாகி, மேலும் இலாபமாகிப் போயிற்று. 1930-இல் கெயின்சு என்ற பொருளியல் அறிஞர், நூறாண்டு கழித்து மனிதர் வாரம் 15 மணி நேரம் உழைத்தால் போதும் என்று கணித்தார். அந்த நூறாண்டு 2030-இல் நிறைவு பெறும். பொறிகள் பெருகின, அவர் எண்ணியதைவிடவும் பெருகின. ஆனால் 2023-இல் நம் நாட்டுப் பெருந்தொழிலதிபர் ஒருவர், இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்கவேண்டும் என்றார். 2025-இல் இன்னொருவர் 90 மணி நேரம் என்றார்! பொறி வந்தது மனிதனை விடுவிக்க என்றார்கள். வந்தபின் மனிதனையே பொறியாக்கப் பார்க்கிறார்கள்.

இதைக் கண்டு சலித்த செல்வர் சிலர், “மெதுவாக வாழுங்கள்” என்று இப்போது உபதேசிக்கிறார்கள். மலையுச்சியிலே மூன்று நாள் மௌனம், மண்பானைச் சமையல், கைப்பேசி இல்லாத குடில், அதற்கொரு கட்டணம்! அந்தக் குடிலிலே அமைதி நிலவ, அடுப்படியிலே எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்று எட்டிப் பார்த்தவர் உண்டா? இது புதிய கதையும் அன்று. ஓய்வே உயர்வாழ்வின் நிலைக்களம் என்று கிரேக்கத்து அரிசுடாட்டில் சொன்னார். ஓய்வைக் குறிக்கும் ‘சுகோலே’ என்ற அந்தக் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் ‘ஸ்கூல்’ என்ற சொல்லே பிறந்தது. பள்ளி என்றால் ஓய்வு! மணிக்கு மணி ஓடும் ஆசிரியராகிய நமக்கு அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. ஆனால், அந்த அரிசுடாட்டிலே அடிமைமுறையை நியாயப்படுத்தியவர் என்று படித்தபோது சிரிப்பு நின்றது. சிலர் சிந்திக்கப் பலர் சுமந்தனர். பிறர் முதுகிலே ஏறி உட்கார்ந்துகொண்டு, “நடை எவ்வளவு மெதுவாக, இனிமையாக இருக்கிறது!” என்று வியப்பது நிதானமா? சுரண்டல் அல்லவா?

பத்து நிமிடத்திலே பொருள் வீடு வந்து சேரும் என்று அண்மை ஆண்டுகளில் நிறுவனங்கள் விளம்பரம் செய்தன. நாமும் ஒரு மழை நாளிலே, சோம்பலாகச் சாய்ந்துகொண்டு, ஒரு கட்டு கொத்தமல்லிக்கும் அரைக் கிலோ சர்க்கரைக்கும் அப்படி ஆணையிட்டவர்தாம். நாம் பெற்ற ஓய்வு, எந்தப் பாலத்து இறக்கத்திலே எவன் வண்டியைச் சறுக்கச் செய்ததோ, யாருக்குத் தெரியும்?

எனவே, நிதானம் என்பதைத் தனி மனிதனின் சுகமாக நாம் கருதவில்லை. அதை உரிமையாகக் கேட்டவர்கள் வரலாற்றிலே இருக்கிறார்கள். 1886 மே முதல் நாள் எட்டுமணி நேர வேலை கேட்டு அமெரிக்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதையொட்டிய சிக்காகோ நிகழ்ச்சிகளுக்காக மறு ஆண்டு நால்வர் தூக்கிலேறினர். 1919-இல் உலகத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்ற வரம்புதான். 1923-இல் சென்னைக் கடற்கரையிலே மே நாளைக் கொண்டாடினார் சிங்காரவேலர். தொழிலாளர் துறைப் பொறுப்பிலிருந்த அம்பேத்கர் கொண்டு வந்த திருத்தத்தால், 1946-இல், ஆண்டு முழுதும் இயங்கும் ஆலைகளிலே வார வேலை 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைந்தது. வாரத்திலே ஆறு மணி நேரம்! மகனைப் பக்கத்தில் இருத்திக் கதை கேட்க, ஏடு படிக்க, மன்றத்துக்குப் போக, ஏன், வெறுமனே வேம்பின் நிழலிலே உட்கார, பாட்டாளிக்குக் கிடைத்த ஆறு மணி நேரம் அது.

உட்காருவது என்றதும் மற்றொன்று நினைவுக்கு வருகிறது. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் காலை முதல் இரவு வரை நின்றே விற்கும் பெண்களைக் கண்டிருக்கிறோம். வாங்குபவர் உட்கார மெத்தை, விற்பவர் உட்கார முக்காலியும் இல்லை. 2018-இல் கேரளமும், அதன்பின் 2021-இல் தமிழ்நாடும், கடை ஊழியர்க்கு இருக்கை தரவேண்டும் என்று சட்டம் திருத்தின. உட்காரக்கூடச் சட்டம் வேண்டியிருந்தது! 2023 ஏப்ரலில், நாள் வேலை நேரத்தை 12 மணி வரை நீட்ட இடந்தரும் திருத்தம் நம் சட்டமன்றத்திலே நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்துக் குரலெழுப்பவே, அந்த மே நாளிலேயே அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. நேரத்தைக் காக்கும் போராட்டம் அன்றோடு முடிந்துவிட்ட பழங்கதை அன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

ஆலையைச் சுட்டிய விரல் இல்லத்தையும் சுட்டவேண்டும். 2019-ஆம் ஆண்டு நடுவண் அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் அதற்குச் செலவிட்டனர். அவ்வாறு ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடம். அந்த வேலையைத் தொடுகிற ஆண்களே நால்வரில் ஒருவர்தாம்! மேடையிலே பெண்ணுரிமை முழங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து சாய்வு நாற்காலியிலே அமைதியாக ஏடு புரட்டும் தோழரே, அந்த அமைதி உங்களுடையதுதானா? அடுப்படியிலே ஓடும் இரு கால்களிடம் கடன் வாங்கியதா? நம் வீட்டிலே அம்மா உட்கார்ந்து சாப்பிட்டு நாம் பார்த்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். “நீ சாப்பிடும்மா, நான் பரிமாறுகிறேன்” என்று சொல்ல இருபத்தாறு ஆண்டு பிடித்தது நமக்கு. முதல் நாள் அம்மாவுக்கு உட்காரவே தெரியவில்லை. இரண்டு கவளம் உண்பதற்குள் மூன்று முறை எழுந்தார்கள்.

பெரிய திட்டம் எதுவும் நம்மிடம் இல்லை. சில பழக்கங்களை மட்டும் மாற்றிக்கொண்டோம். காலையில் கால்மணி நேரம் முன்னதாகப் புறப்படுகிறோம். வழியில் நிற்கவேண்டி வந்தால் நிற்பதற்காக. வந்த செய்தியை அனுப்புமுன் யார் சொன்னது, எப்போது சொன்னது என்று பார்க்கிறோம். பாதிக்கு மேல் அங்கேயே செத்துவிடுகின்றன. வகுப்பிலே கேள்வி கேட்டபின், உயர்ந்த முதல் கையை உடனே அழைப்பதில்லை; கடைசி வரிசை எண்ணி முடிக்கட்டும் என்று காத்திருக்கிறோம். கடைக்கு நடந்து போகிறோம். பொருள் கொண்டுவரும் தம்பியிடம், “அவசரமில்லை தம்பி, மெதுவாகவே வரலாம்” என்று சொல்லிவிடுகிறோம். இவற்றால் உலகம் மாறிவிடும் என்று நாம் மயங்கவில்லை. வேலை நேரத்தையும் கூலியையும் சட்டமும் சங்கமும்தான் மாற்றவேண்டும். அந்தச் சங்கத்திலே சேர, அந்தச் சட்டத்தைப் படிக்க, பக்கத்திலிருப்பவனின் துயரைக் கேட்க, முதலில் நிற்கத் தெரிந்தவர்கள் வேண்டுமே! ஓடிக்கொண்டே இருப்பவனுக்குத் தன்னை ஓட்டுகிறவன் யார் என்பது தெரிவதில்லை.

அந்த இளைஞனை நாம் மீண்டும் பார்க்கவில்லை. பாலத்தின் இறக்கத்தை மட்டும் நாள்தோறும் பார்க்கிறோம். அங்கே வரும்போது வண்டி தானே மெல்லப் போகிறது. அன்று ஆறு நிமிடம் மிச்சப்படுத்தினோம். அந்த ஆறு நிமிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்தோம் என்று எவ்வளவு முயன்றும் நினைவுக்கு வரவில்லை. அவனருகே செலவிட்டிருந்தால் வாழ்நாள் முழுதும் நினைவிருந்திருக்கும்.

தோழர்களே! இனி யாரேனும் “நிற்க நேரமில்லை” என்று பெருமை பேசினால், அவர் கையைப் பற்றி நிறுத்துங்கள். நமக்கு நேரமில்லாமற் செய்தவர் யார் என்று கேளுங்கள். நம்மால் நேரமிழந்தவர் யார் என்றும் கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் விடை தேடப் புறப்படுகிறவரோடு, நாமும் நடந்து வருகிறோம். ஓடி அல்ல, சேர்ந்து நடந்து!